செய்மதி: கொழும்பு வீடுகளில் அடிக்கடி எழும் கேள்விகளும் பதில்களும்

தொலைக்காட்சியில் படம் உறைந்தால் செய்மதியைத் திட்டுகிறோம். கூப்பிட்ட முச்சக்கர வண்டி பக்கத்து ஒழுங்கையில் போய் நின்றாலும் அதையே திட்டுகிறோம். அந்தப் பழியில் பாதிக்கு மேல் செய்மதியைச் சேராது. அது உண்மையில் என்ன செய்கிறது, எதைச் செய்வதே இல்லை என்பதைக் கொழும்புக்காரர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை வைத்தே பார்க்கலாம்.

அவ்வளவு பாரமான பொருள் மேலே எப்படி நிற்கிறது? ஏன் விழுவதில்லை?

விழுந்துகொண்டேதான் இருக்கிறது. காலிமுகத்திடலில் நின்று கடலை நோக்கி ஒரு கல்லைக் கிடையாக எறிந்தால், முதல் செக்கனில் அது ஏறத்தாழ 5 மீற்றர் கீழே இறங்கும். பூமியின் மேற்பரப்போ 8 கிலோமீற்றர் தூரத்துக்கு ஏறத்தாழ 5 மீற்றர் வளைந்து கீழே போகிறது. ஆகவே அந்தக் கல்லைச் செக்கனுக்கு 8 கிலோமீற்றர் வேகத்தில் எறிய முடிந்தால், அது எவ்வளவு விழுகிறதோ அவ்வளவு தரையும் விலகிக்கொண்டே போகும். கல் தரையைத் தொடவே தொடாது. அந்த வேகத்தில் கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு ஏறக்குறைய ஒரு செக்கன். காலி வீதியில் மாலை ஐந்து மணிக்கு பஸ்ஸில் நிற்பவர்கள் இதைப் படிக்காமல் இருப்பது நல்லது.

தரைக்கருகில் இந்த வேகத்தில் போனால் காற்றின் உராய்விலேயே பொருள் எரிந்துவிடும். அதனால்தான் முதலில் காற்றைத் தாண்டி மேலே கொண்டுபோகிறார்கள். ஆனால் ரொக்கெட்டின் எரிபொருளில் பெரும்பகுதி உயரத்துக்காகச் செலவாவதில்லை, இந்தப் பக்கவாட்டு வேகத்துக்காகத்தான் செலவாகிறது. ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில் செல்லும் சர்வதேச விண்வெளி நிலையம் 90 நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் பூமியை ஒருமுறை சுற்றிவிடுகிறது.

அப்படியானால் தொலைக்காட்சி டிஷ் மட்டும் ஏன் அசையாமல் ஒரே திசையைப் பார்க்கிறது?

உயரம் கூடக் கூடச் செய்மதியின் வேகம் குறைகிறது, சுற்ற வேண்டிய வட்டமும் பெரிதாகிறது. பூமத்திய ரேகைக்கு நேர் மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு சுற்றுக்கு 23 மணி 56 நிமிடம் பிடிக்கிறது. பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ளும் நேரமும் அதுவே. இரண்டும் சேர்ந்தே சுற்றுவதால், கீழே இருக்கும் நமக்குச் செய்மதி ஆணியடித்து வைத்ததுபோல் ஒரே இடத்தில் தெரிகிறது. டிஷ்ஷை ஒருமுறை திருப்பி முடுக்கிவிட்டால் போதும்.

இந்த இடத்தில் கொழும்பு கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். அந்த உயரத்தில் மூன்று நிலையங்களைச் சம தூரத்தில் நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் வானொலியும் தொலைக்காட்சியும் அனுப்பலாம் என்று 1945 ஒக்டோபரில் ஒரு பிரித்தானிய வானொலித் தொழில்நுட்பச் சஞ்சிகையில் எழுதியவர் விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். 1956இல் இலங்கைக்கு வந்தவர் கொழும்பையே வீடாக்கிக்கொண்டார். 2008 மார்ச்சில் இங்கேயே காலமானார். பொரளை கனத்தை மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். செய்மதி பூமியோடு சேர்ந்தே சுற்றும் இந்தப் புவிநிலைச் சுற்றுப்பாதைக்குக் கிளார்க் பாதை என்றும் பெயருண்டு. ஒரு விடயத்தில் மட்டும் அவர் கணக்குத் தப்பியது: அக்காலத்து வெற்றிடக் குழாய்கள் அடிக்கடி பழுதாகும் என்பதால், அவற்றை மாற்ற அங்கே ஆட்கள் குடியிருக்க வேண்டும் என்று நினைத்தார். எளிதில் பழுதாகாத டிரான்சிஸ்டர் அந்தக் குழாய்களின் இடத்துக்கு வந்து அந்த வேலையாட்களை வீட்டிலேயே இருத்திவிட்டது. 1964இல் சின்கொம் 3 என்ற செய்மதி அந்தப் பாதையில் நின்று டோக்கியோ ஒலிம்பிக்கை அமெரிக்காவுக்கு ஒளிபரப்பியது.

அடுக்குமாடி வீட்டுப் பல்கனியில் டிஷ் வைத்தால் வேலை செய்யுமா?

பெரும்பாலும் சிரமம். காரணம் நாம் இருக்கும் இடம். கொழும்பு வட அகலக்கோடு 7 பாகைக்கு அருகில், பூமத்திய ரேகைக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே நம் தீர்க்கரேகையை அண்டி நிற்கும் செய்மதிகள் ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்கின்றன. கிழக்குத் தீர்க்கரேகை 83 பாகையில் நிற்கும் செய்மதியை இங்கிருந்து பார்த்தால் அடிவானத்திலிருந்து 81 பாகை உயரத்தில் இருக்கும். உங்கள் பல்கனிக்கு மேல் இன்னொருவரின் பல்கனி இருக்கிறது. அந்தக் கொங்கிறீட்டை ஊடுருவி அலை வராது. மேற்கே தள்ளி 48 பாகையில் நிற்கும் செய்மதி என்றால் உயரம் 52 பாகைக்கு இறங்கும். மேற்குப் பக்கப் பல்கனி, அதுவும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் பல்கனி என்றால் அதற்கு வாய்ப்பு உண்டு. மற்றப்படி மொட்டைமாடிதான் வழி. அதற்கு முகாமைத்துவக் குழுவின் அனுமதி பெறுவது செய்மதி ஏவுவதைவிடக் கடினம் என்பது வேறு கதை.

இலண்டனில் உள்ள உறவினர் வீட்டு டிஷ் ஏன் சுவரோடு நெட்டாக நிற்கிறது என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். அங்கே செய்மதி அடிவானத்துக்கு மேல் 25 பாகை அளவில்தான் தெரியும். போதாததற்கு, வீட்டு டிஷ்களில் பலவற்றின் வடிவம், அது பார்க்கும் உண்மையான திசையைவிடத் தாழ்வாகப் பார்ப்பதுபோல் தோன்றும்படி அமைந்தது. எனவே டிஷ்ஷின் முகத்தை வைத்துத் திசையைக் கணிக்காதீர்கள்.

மழை வந்தால் ஏன் படம் போகிறது?

வீட்டு டிஷ்ஷுக்கு வரும் அலைகளின் அலைநீளம் ஏறத்தாழ 2.5 சென்ரிமீற்றர். இந்த அளவிலுள்ள அலைகளை மழைத்துளிகள் உறிஞ்சியும் சிதறடித்தும் பலவீனமாக்கிவிடும். மெல்லிய தூறல் ஒன்றும் செய்யாது. ஏப்ரல், ஒக்டோபர் பிற்பகல்களில் இடியோடு கொட்டும் மழைதான் எதிரி. மழைத்திரை நகர்ந்ததும் படம் தானாகத் திரும்பிவிடும். அந்த நேரத்தில் மொட்டைமாடிக்கு ஏறி டிஷ்ஷைத் திருகுவதால் இரண்டு பலன்கள் கிடைக்கலாம்: திசை தவறும், அல்லது மின்னல் தாக்கும்.

மழை விட்ட பிறகும் படம் வரவில்லையென்றால் வானத்தைக் குறை சொல்ல வேண்டாம். கேபிள் இணைப்புக்குள் தண்ணீர் போயிருக்கும், அல்லது அது துருப்பிடித்திருக்கும். கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக்காற்று இந்த வேலையை விரைவாகவே செய்கிறது.

மழையே இல்லை, வெயில் கொளுத்துகிறது. அப்போதும் சில நிமிடம் படம் போவது ஏன்?

மாதம் என்ன என்று பாருங்கள். மார்ச் நடுப்பகுதியிலும் செப்டம்பர் இறுதியிலும், சில நாட்களுக்கு, சூரியன் செய்மதிக்கு நேர் பின்னால் வந்து போகும். சூரியனும் வானொலி அலைகளை வெளியிடும் பொருள்தான். அதன் இரைச்சலில் செய்மதியின் குரல் அமுங்கிவிடுகிறது. சில நிமிடங்களில் சரியாகிவிடும். பழுதுபார்ப்பவரை அழைத்துக் காசு கொடுக்க வேண்டாம்.

தாமரைக் கோபுரம் செய்மதியோடு பேசுவதற்காகக் கட்டப்பட்டதா?

இல்லை. அது தரைவழி ஒலிபரப்புக்கும் ஒளிபரப்புக்குமான கோபுரம். இத்தகைய கோபுரத்திலிருந்து அலைகள் பக்கவாட்டில் ஊருக்குள் பரவும். 36,000 கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பதை எட்ட 350 மீற்றர் ஏறுவதால் எந்த நன்மையும் இல்லை. செய்மதியோடு பேசும் பெரிய டிஷ்கள் பாதுக்கை போன்ற அமைதியான உட்பகுதிகளில்தான் அமைக்கப்பட்டன.

நான் எங்கே இருக்கிறேன் என்று ஜி.பி.எஸ். செய்மதிக்குத் தெரியுமா?

தெரியாது. இந்தப் பட்டியலில் மிக அதிகமாகத் தவறாக விளங்கிக்கொள்ளப்பட்ட விடயம் இதுதான்.

ஜி.பி.எஸ். செய்மதிகள் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. முப்பது அளவிலான செய்மதிகள் இயங்குகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரங்கள் உண்டு. அவை இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருப்பது இரண்டே செய்திகள்: இப்போது என்ன நேரம், நான் எங்கே இருக்கிறேன். கேட்பவர் யார், எத்தனை பேர் என்பது அவற்றுக்குத் தெரியாது. உங்கள் கைத்தொலைபேசி அவற்றுக்கு ஒரு சொல்லைக்கூடத் திருப்பி அனுப்புவதில்லை; அனுப்பும் வலுவும் அதன் ஜி.பி.எஸ். பகுதிக்கு இல்லை.

கணக்குப் போடுவது முழுவதும் தொலைபேசி. செய்மதி சொன்ன நேரத்துக்கும் அந்தச் சொல் வந்துசேர்ந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கிறது. மூன்று செய்மதிகளின் தூரம் தெரிந்தால் இடம் தெரிந்துவிட வேண்டும். ஆனால் தொலைபேசியின் கடிகாரம் மலிவானது. ஒரு மைக்ரோசெக்கன் பிசகினால் தூரம் 300 மீற்றர் பிசகிவிடும். ஆகவே நான்காவது செய்மதியையும் சேர்த்து, கடிகாரப் பிழையையும் ஒரு தெரியாக் கணியமாக வைத்து, நான்கு சமன்பாடுகளாகத் தீர்க்கிறது. சாதாரண தரத்துக் கணிதத்தில் வரும் ஒருங்கமை சமன்பாடுகளை எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஐன்ஸ்டைனின் சார்புக் கோட்பாட்டுக்கும் இதில் பங்குண்டு. அந்த உயரத்தில் ஈர்ப்பு குறைவு என்பதால் செய்மதிக் கடிகாரம் தரையிலுள்ளதைவிட நாளொன்றுக்கு 45 மைக்ரோசெக்கன் வேகமாக ஓடுகிறது. செய்மதி விரைந்து செல்வதால் 7 மைக்ரோசெக்கன் பிந்துகிறது. மிச்சம் 38. இதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் 10 கிலோமீற்றருக்கு மேல் பிழை சேர்ந்துவிடும். வெள்ளவத்தையில் தேநீர் குடிப்பவரை வரைபடம் மொரட்டுவைப் பக்கம் அனுப்பிவைக்கும்.

அப்படியானால் உங்களைப் பின்தொடர்வது யார்? கணக்குப் போட்டு முடித்த இடத்தைக் கைத்தொலைபேசி வலையமைப்பு வழியாக யாருக்கோ அனுப்பும் செயலிதான். கவலைப்பட வேண்டுமென்றால் வானத்தை விட்டுவிட்டு, தொலைபேசியின் அனுமதிப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

டேட்டா முடிந்துவிட்டால் ஜி.பி.எஸ். வேலை செய்யுமா?

செய்யும். இடத்தைக் கண்டுபிடிக்க டேட்டா வேண்டியதில்லை; வரைபடத்தை இறக்கத்தான் வேண்டும். முன்கூட்டியே வரைபடத்தை இறக்கி வைத்திருந்தால் வில்பத்துக் காட்டுக்குள்ளும் அது வழிகாட்டும். டேட்டா இருந்தால் முதல்முறை இடம் பிடிப்பது வேகமாக நடக்கும்.

புறக்கோட்டையில் மட்டும் முச்சக்கர வண்டி ஏன் தவறான குறுக்குத் தெருவில் வந்து நிற்கிறது?

நேராக வரவேண்டிய அலை பக்கத்துக் கட்டடச் சுவரில் மோதித் திரும்பி வருகிறது. சுற்றிவந்த அலை பிந்தித்தான் வரும். பிந்தி வந்ததைத் தொலைபேசி தூரம் கூடிவிட்டதாகக் கணக்கிடுகிறது. குறுக்குத் தெருக்கள் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில் முப்பது மீற்றர் பிசகு என்றால் அது வேறு தெரு. கடைக்குள் நின்று வண்டியைக் கூப்பிடாமல் திறந்த வெளிக்கு வந்து அரை நிமிடம் பொறுத்தால் பெரும்பாலும் சரியாகும். அதைவிட நம்பகமான முறை, சாரதியை அழைத்து எந்தக் கடைக்கு முன்னால் என்று சொல்லிவிடுவது.

செய்மதி நம் வீட்டைப் பார்க்குமா? ஆளின் முகம் தெரியுமா?

வீடு தெரியும், முகம் தெரியாது. வணிகச் செய்மதிப் படங்களில் மிகக் கூர்மையானவற்றில் ஒரு புள்ளி என்பது தரையில் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர். முச்சக்கர வண்டி ஒன்பது புள்ளி நீளமும் நான்கு புள்ளி அகலமும் கொண்ட ஒரு கட்டமாகத் தெரியும். மேலிருந்து பார்க்கையில் மனிதர் ஓரிரு புள்ளி மட்டுமே. அதுவும் நேரடிக் காட்சியாக வருவதில்லை. செய்மதி கடந்துபோகும்போது எடுத்த ஒற்றைப் படம். அந்த நேரத்தில் முகில் மூடியிருந்தால் அதுவும் இல்லை. நீங்கள் வரைபடத்தில் பார்க்கும் உங்கள் வீட்டுப் படம் சில மாதமோ சில வருடமோ பழையதாக இருக்கும்.

இவ்வளவு கூர்மை இல்லாத படங்கள்தான் பல வேளைகளில் அதிகம் பயன்படுகின்றன. அமெரிக்காவின் லாண்ட்சாட் செய்மதிகள் 1972இலிருந்து பூமியைப் படமெடுக்கின்றன. 2008இலிருந்து அந்தப் படங்கள் எவருக்கும் இலவசம். பழைய படங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தால், 2014 வரை வெறும் கடலாக இருந்த இடத்தில் 269 ஹெக்டேர் துறைமுக நகரம் மண்ணாக எழுவது தெரியும். 2021 மே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது அதன் புகையும் செய்மதிப் படங்களில் பதிவாகியது.

சூறாவளியும் வெள்ளமும் வருவதைச் செய்மதி முன்கூட்டியே சொல்லுமா? சுனாமியை?

மூன்றுக்கும் மூன்று பதில்கள்.

சூறாவளிக்கு: ஆம், நன்றாகவே. இந்தியாவின் இன்சாட் வரிசையைச் சேர்ந்த வானிலைச் செய்மதிகள் நம் தீர்க்கரேகைக்கு அருகில் நின்று வங்காள விரிகுடாவை இரவும் பகலும் படமெடுக்கின்றன. இரவில் எப்படி என்றால், அவை முகிலின் வெப்பத்தை அகச்சிவப்பில் பார்க்கின்றன. முகிலின் உச்சி எவ்வளவு குளிராக இருக்கிறதோ அவ்வளவு உயரமாக அது வளர்ந்திருக்கிறது, அவ்வளவு கனமழைக்கும் இடமுண்டு. தாழமுக்கம் உருவாவதும் சுழல்வதும் நகர்வதும் கரைக்கு வருவதற்கு நாட்கள் முன்னரே தெரிந்துவிடும். 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த நாட்களின் மதிப்புத் தெரியும். ஆனால் இன்று நான்கு மணிக்குப் பம்பலப்பிட்டியில் மழையா என்று கேட்டால் விடை கிடையாது. பிற்பகல் இடிமுகில் ஒரு மணித்தியாலத்துக்குள் முளைத்து முடிந்துவிடும் சங்கதி. வளிமண்டலவியல் திணைக்களம் 'சில இடங்களில்' என்று சொல்வது நழுவல் போலத் தோன்றினாலும் அதுதான் நேர்மையான பதில்.

வெள்ளத்துக்கு: வந்த பிறகு எங்கெல்லாம் நிற்கிறது என்று காட்டுவதில் செய்மதி வல்லது. வெள்ள நாட்களில் வானம் மூடியிருக்கும், சாதாரண கமராவுக்கு ஒன்றும் தெரியாது. ஐரோப்பாவின் சென்டினல் 1 போன்ற ராடார் செய்மதிகளின் அலை முகிலை ஊடுருவும். மட்டமான நீர்ப்பரப்பு அந்த அலையை வேறு பக்கம் தெறிக்கவிடுவதால் படத்தில் வெள்ளம் கறுப்பாகத் தெரிகிறது. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவைப் பக்கம் மூழ்கியதுபோன்ற நேரங்களில் நிவாரணப் படகை எங்கே அனுப்புவது என்று தீர்மானிக்க இத்தகைய படங்கள் உதவும். பத்தரமுல்லையில் தலைமையகம் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் இப்படிப்பட்ட வெள்ள வரைபடங்களைத் தயாரித்து வருகிறது.

சுனாமிக்கு: இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று, நிலநடுக்கம் நிகழ்ந்து ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில், கடல்மட்டத்தை அளக்கும் ஜேசன் 1, டோபெக்ஸ் பொசைடன் ஆகிய இரு செய்மதிகள் தற்செயலாக இந்து சமுத்திரத்தைக் கடந்தன. ஆழ்கடலில் அலை ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் உயரமே இருந்ததை அளந்தும்விட்டன. அந்தத் தரவைத் தரையில் பிரித்துப் பார்க்கப் பல மணித்தியாலங்கள் பிடித்தன. அதற்குள் இங்கே எல்லாம் முடிந்துவிட்டது. இன்றைய எச்சரிக்கை முறையில் அலையை உணர்வது கடலடியில் வைத்த அழுத்தமானி. அது மேலே மிதக்கும் மிதவைக்குச் சொல்ல, மிதவை செய்மதி வழியாக எச்சரிக்கை நிலையத்துக்குச் சொல்கிறது. செய்மதியின் வேலை செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டுமே.

மீனவர்களுக்கு இதனால் என்ன?

நிறைய. சூரை மீன் வெதுவெதுப்பான நீரும் குளிர்ந்த நீரும் சந்திக்கும் விளிம்புகளைத் தேடிப் போகும். கடல்நீரின் வெப்பத்தையும், நுண்பாசியின் பச்சையத்தால் மாறும் நிறத்தையும் செய்மதி அளக்கிறது. மட்டக்குளியில் உள்ள நாரா எனப்படும் தேசிய நீர்வாழ் வள ஆராய்ச்சி நிறுவனம் அந்தத் தரவைக் கொண்டு மீன் கிடைக்கக்கூடிய பரப்புகளை அறிவிக்கிறது. வாரக்கணக்கில் ஆழ்கடலில் நிற்கும் பலநாள் படகுக்கு டீசல் செலவே பெரும் செலவு என்பதால், தேடி அலையும் நேரம் குறைவது பெரிய காரியம்.

பலநாள் படகுகளில் பொருத்தப்பட்டுள்ள கண்காணிப்புக் கருவி வேறு வகை. அது தன் இடத்தை ஜி.பி.எஸ். மூலம் அறிந்து, வேறொரு செய்மதி வழியாகக் கரைக்கு அனுப்புகிறது. சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கத் தவறியதாகக் கூறி 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை விதித்து, 2016இல் நீக்கியது. இந்தக் கருவிகள் பரவலானதற்கு அந்தத் தடை ஒரு முக்கிய காரணம்.

நம் இணையம் செய்மதியிலிருந்து வருகிறதா?

கொழும்பில் நீங்கள் பார்ப்பவற்றில் ஏறக்குறைய எல்லாமே கடலடிக் கேபிள் வழியாக வருகிறது. கல்கிசை, மாத்தறை போன்ற இடங்களில் அவை கரையேறுகின்றன. புவிநிலைச் செய்மதி வழியாக ஒரு சொல் போய்ச் சேரக் கால் செக்கன், பதில் திரும்ப இன்னொரு கால் செக்கன். காணொளி அழைப்பில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

இந்தத் தாமதத்தைக் குறைக்கத்தான் ஸ்டார்லிங்க் என்ற செய்மதி இணையச் சேவை தன் செய்மதிகளை ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்தில் ஆயிரக்கணக்கில் ஓடவிட்டிருக்கிறது. தாழப் பறப்பவை வேகமாகக் கடந்துவிடும், ஆகவே ஒன்று மறைய அடுத்தது வரவேண்டும். 2025 ஜூலையில் அந்தச் சேவை இலங்கையிலும் தொடங்கியது. வீட்டு வாசலில் ஃபைபர் இருக்கும் கொழும்புக்காரர் அதை வாங்குவது வீண் செலவு என்பது என் எண்ணம். நெடுந்தீவிலோ கோபுரம் எட்டாத தோட்டப்புறத்திலோ ஒரு பாடசாலைக்கு அது வேறு சங்கதி. கேபிள் அறுந்தால் என்னாகும் என்பதற்குப் பசிபிக் தீவு நாடான டொங்கா சாட்சி: 2022 ஜனவரியில் எரிமலை வெடித்து அதை வெளியுலகோடு இணைத்த ஒரே கடலடிக் கேபிள் அறுந்தபோது, வாரக்கணக்கில் செய்மதிகளே அந்நாட்டை உலகோடு இணைத்து வைத்தன.

இலங்கைக்கென்று சொந்தச் செய்மதி உண்டா?

சிறியது ஒன்று இருந்தது. ராவணா 1: ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடை, பத்துச் சென்ரிமீற்றர் கனசதுரம். ஜப்பானின் கியூஷூ தொழில்நுட்ப நிறுவனத்தில் இரண்டு இலங்கைப் பொறியியலாளர்கள் உருவாக்கியது. 2019 ஜூனில் விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது. அந்த உயரத்திலும் மெல்லிய காற்று உண்டு. அதன் இழுவையில் மெல்ல இறங்கி எரிந்து முடிந்துவிட்டது. 2017 மே மாதத்தில் இந்தியா ஏவிய தெற்காசியச் செய்மதியைப் பயன்படுத்தும் நாடுகளில் இலங்கையும் ஒன்று.

ஏவுவதைப் பொறுத்தவரை இலங்கை இதுவரை ஒரு தடையாகத்தான் இருந்திருக்கிறது. இந்தியாவின் கிழக்குக் கரையிலுள்ள ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்திலிருந்து, துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் பாதைக்குத் தெற்கு நோக்கிச் செல்லும் இந்திய ரொக்கெட்டுகள் நம் தலைக்கு மேல் பறக்காமல் இருக்க, முதலில் தென்கிழக்கே போய்ப் பிறகு வளைந்து திரும்புகின்றன. அந்த வளைவுக்கு எரிபொருள் செலவாகிறது. சிறிய ரொக்கெட்டுக்குத் தாங்காது. தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் 2024இல் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டதற்கு நம் தீவும் ஒரு காரணம்.

பழைய செய்மதி தலையில் விழுமா?

பெரும்பாலானவை மேலேயே எரிந்துவிடும். எரியாத துண்டுகளும் அநேகமாகக் கடலில் விழும், பூமியில் அதுதானே அதிகம். நமக்கு மிக அருகில் வந்த ஒன்று உண்டு: 2015 நவம்பர் 13, முற்பகல் 11.48 அளவில், டபிள்யூ.டி.1190எஃப் என்று பெயரிடப்பட்ட விண்வெளிக் குப்பையொன்று இலங்கையின் தெற்குக் கரைக்கு அப்பால் வானில் எரிந்து சிதறியது. எப்போது, எங்கே என்று முன்கூட்டியே கணித்திருந்ததால் விஞ்ஞானிகள் விமானத்தில் பறந்து அதைப் படமெடுத்தார்கள்.

உண்மையான கவலை மேலே நடக்கும் மோதல்கள்தான். 2009 பெப்ரவரியில் இரிடியம் 33 என்ற அமெரிக்கச் செய்மதியும் காலாவதியான ரஷ்யச் செய்மதியொன்றும் மோதி ஆயிரக்கணக்கான துண்டுகளாயின. இன்று இயங்கும் செய்மதிகள் மட்டும் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டன.

டிஷ்ஷிலிருந்து வரும் கதிர்வீச்சு உடலுக்குக் கெடுதலா?

தொலைக்காட்சி டிஷ் எதையும் வெளியிடுவதில்லை, வருவதை ஏந்திக் குவிக்க மட்டுமே செய்கிறது. அது இல்லாவிட்டாலும் அதே அலை உங்கள் கூரையில் விழுந்துகொண்டுதான் இருக்கும், அதுவும் மிக மிகப் பலவீனமாக. ஸ்டார்லிங்க் போன்ற இணையக் கருவிகள் மேலே அனுப்பவும் செய்கின்றன. அவற்றுக்கு முன்னால் முகத்தை வைத்துக்கொண்டு நிற்காமல், கையேட்டில் சொன்ன இடைவெளியை விட்டுப் பொருத்தினால் போதும்.